சுவரை எடுத்த பிறகும்

மென்பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பெருமை பேசுகிறவர்கள் அதோடு ஒரு வாரம் மாரடித்துப் பார்க்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கேட்காததைப் பற்றி வாயே திறக்காது.

அவள் ஒலி அலைகளைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் பொறியாளர். அதே ஆலையில் அவளுடைய அண்ணன் தகடு வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். அதன் கீச்சொலி அவனுடைய ஒரு காதைத் தின்றுவிட்டது, மற்றதும் போகப் பார்க்கிறது. இயந்திரத்தைச் சுற்றி எழுப்பப்போகும் தடுப்புச் சுவரை வடிவமைத்தவள் அவள்தான். கணக்கு ஓடி முடிந்தபோது, அண்ணன் நிற்கும் பக்கம் திரையில் முழுக்க நீலம். நீலம் என்றால் அமைதி.

"இனிமே கவலையில்லண்ணா" என்று வாய் கொள்ளாச் சிரிப்போடு சொன்னாள். தங்கை சொல்லிவிட்டால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. பொட்டலம் கட்டும் பிரிவுக்குக் கிடைத்திருந்த மாறுதலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சுவருக்கு மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய நாள் காலையில் அவளுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. அத்தனை அமைதியை நம்ப முடியவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று, கணினியில் வரைந்திருந்த மாதிரியிலிருந்து சுவரையே நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

அப்போதும் நீலம்தான்.

அவள் கணக்கின் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். மென்பொருள் காற்றைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடும். சீக்கிரம் முடியட்டும் என்று அவள் கட்டங்களைப் பெரிதாக வைத்திருந்தாள். கனத்த உறுமலுக்கு அது போதும். கீச்சொலியின் அலையோ மிகச் சிறியது, ஓர் அலைக்கு இரண்டு கட்டம்கூடத் தேறவில்லை. அலை போகிற வழியிலேயே கணக்குக்குள் கரைந்து போயிருந்தது. சுவர் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

கட்டங்களைப் பொடியாக்கி, சுவரை மறுபடி மாதிரியில் வைத்தாள். கணக்கு மதியம் வரை இழுத்தது. அண்ணன் நிற்கும் இடம் சிவப்பாக வந்தது.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "இப்பவாவது சொன்னீங்களே. மறுபடி முதல்லேருந்து வரைஞ்சு, அனுமதி வாங்கி வரணும்னா இந்த வருஷம் முடிஞ்சிடும்." அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

உணவுக்கூடத்தில் அண்ணன் கூட்டாளிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனருகே குனிந்தாள்.

"அண்ணா, அந்த மாறுதலை இன்னைக்கே திரும்பக் கேளு."

"அங்க நேத்தே வேற ஆள் போட்டாச்சும்மா. இப்ப எதுக்கு அது? அதான் சுவர் வருதே."

கணக்குத் தப்பு, அந்தச் சுவரால் பயனில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த காதை அவள் பக்கம் திருப்பினான்.

"ஒண்ணும் காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து, கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாள்.

"நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேண்ணா. சுவர் வராது."