சந்திரிகா கை காட்டிய ஆள்

அன்று எங்கள் சேலையூர் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கங்கையம்மாள், மகன் தனசேகர், மருமகள் சந்திரிகா, அவர்கள் மகள் அஞ்சலி, எதிர்வீட்டு சுப்ரமணியன். டிவியிலிருந்து வந்தவர்கள் மைக் பிடித்த ஒரு பெண்ணும் கேமராக்காரர் ஒருவரும். இவ்வளவு பேர்தான். தாங்களும் கூட இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் பிறகு டிவியில் பார்த்தவர்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருடக் கோடையில் ஞாயிறு மதியம் 'மலையில் ஒரு வாரம்' என்று ஒரு மர்மத் தொடர் ஓடியது. ஒரு குடும்பம் வேன் பிடித்து ஏற்காட்டுக்கு விடுமுறைக்குப் போகிறது. போன மறுநாளே சின்ன மாப்பிள்ளை ஏரிக்கரையில் பிணமாகக் கிடக்கிறார். வேனில் வந்தவர்களில் ஒருவர்தான் செய்திருக்க வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கப் போனாலும் இதே பேச்சுதான். கட்டு என்ன விலை என்று கேட்பதற்குள் கீரைக்காரம்மா, யார் கொன்றிருப்பார்கள் என்று நம்மைக் கேட்பாள். அந்தக் குடும்பத்துப் பெரியவர், எல்லாரையும் வற்புறுத்தி மலைக்கு அழைத்துப் போனவர், அவர் பெயர் அரிகிருஷ்ணன். என் பெயரும் அதுதான். கதை எழுதியவருக்கு வேறு பெயர் அகப்படவில்லை போலும்.

கடைசி வாரத்துக்கு முன்னால் பார்வையாளர்களின் கருத்தைக் கேட்டு ஒளிபரப்புவதென்று டிவிக்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். நான் எங்கும் போய் நிற்கவில்லை. வாசலில் என் நாற்காலியில் எப்போதும்போல் உட்கார்ந்திருந்தேன். கேமரா இருக்கும் இடத்தில் குடும்பத் தலைவன் சாய்ந்து கிடக்கக் கூடாது என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவே.

சுப்ரமணியன் முந்திக்கொண்டார். "மேடம், லாஜிக்கா பாத்தா டிரைவர்தான். எல்லாரும் தூங்கறப்ப அவன் மட்டும் ஷூ போட்டுகினு இருந்தான், கவனிச்சீங்களா?" அஞ்சலி, பெரிய மாப்பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னாள். அடுத்து மைக் சந்திரிகாவிடம் போயிற்று.

"அந்தப் பெரியவருதான்" என்றாள் சந்திரிகா.

"எந்தப் பெரியவர்? சமையல்காரத் தாத்தாவும் இருக்காரே. பேரச் சொல்லுங்க மேடம்."

எங்கள் வீட்டில் மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. நான் வைத்த சட்டமில்லை. என் தாய் சொன்னதில்லை, கங்கையம்மாள் சொன்னதில்லை. சந்திரிகா எம்.காம். படித்தவள், மேற்குத் தாம்பரத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அவளும் சொன்னதில்லை. தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

"பேரு மேடம், பேரு!" மைக் அவள் வாய்க்குள் போய்விடும் போலிருந்தது. சந்திரிகா திணறினாள். பிறகு திரும்பி, வலது கையை மரியாதையாக விரித்து என்னைக் காட்டினாள். இவர் பெயர்தான் அவருக்கும் என்று பொருள். எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மாலை அது ஒளிபரப்பாயிற்று. மறுநாள் அஞ்சலிக்கு நிச்சயதார்த்தம்; வீடு முழுக்க வாழையிலையும் தேங்காயும். முன்னும் பின்னும் இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். கொலையாளி யார் என்று ஒரு குரல் கேட்கிறது. சந்திரிகாவின் முகம். அவள் கை. அந்தக் கை காட்டிய இடத்தில் நான், கஞ்சி போட்ட வேட்டியில், கண் சிமிட்டாமல். டமார் என்று ஓர் இசை. என் முகத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள்.

"சிரிச்ச மூஞ்சியா ஒக்காந்திருந்தா இந்த வம்பு உண்டா?" என்றாள் கங்கையம்மாள். "கல்லு கணக்கா ஒக்காந்துகினு."

எதிர்வீட்டிலிருந்து சுப்ரமணியன் கத்தினார். "சார், போலீஸ் வந்தா ஒரு கொரல் குடுங்க. ஜாமீன் கையெழுத்து நான் போடறேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வீடு குன்றத்தூரில், முருகன் கோயில் மலையடிவாரத்தில். மாப்பிள்ளையின் தகப்பனார் தினகரன் கண்டிப்பானவர். போன வருடம் அதே பையனுக்குப் பேசிய ஓர் இடத்தை, பெண்ணின் சித்தப்பா திருவிழாவில் யாரையோ கைநீட்டிவிட்டார் என்பதற்காகவே வேண்டாம் என்றவர். ஊர் உலகம் பார்க்க மாமனாரைக் கொலைகாரன் என்று மருமகள் கை காட்டுகிற வீட்டில் அவர் எப்படிச் சம்பந்தம் செய்வார்? தனசேகர் குன்றத்தூருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அஞ்சலி மருதாணிக் கையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"நானே காலையில குன்றத்தூர் போயி விஷயத்தச் சொல்லிட்டு வந்துடட்டுமா மாமா?" என்று அழுதாள் சந்திரிகா.

"நீ மரியாதையாத்தாம்மா நடந்துகிட்ட. நம்ம வூட்டு வழக்கத்துக்கு யார்கிட்டயும் போயி விளக்கம் சொல்ல வேணாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை தெருமுனையில் வேன் திரும்பியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"ஒரு வேன்னுதானேப்பா சொன்னாங்க?" என்றான் தனசேகர். "சண்டைக்கு ஆள் கூட்டிகினு வராங்களா?"

துண்டைச் சரிசெய்துகொண்டு வாசல் கேட் அருகே போய் நின்றேன். முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாயார் அங்காளம்மாள். என்னைக் கடந்து நேரே சந்திரிகாவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த நாடகத்துப் பெரியவரு பேருதானே உன் மாமனாருக்கும்?"

சந்திரிகா தலையாட்டினாள்.

"கேட்டுக்கோங்க!" என்று கணவரிடம் திரும்பினார் அங்காளம்மாள். "ராவெல்லாம் இன்னா பேச்சு பேசினீங்க? உங்கப்பா பேரு முருகேசன்னு நான் எப்பனா சொல்லி..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். "மலையடிவாரத்துலயே குடியிருக்கேன். சாமி பேரக்கூட சொன்னதில்ல. 'மேல இருக்கறவரே, காப்பாத்து'ன்னுதான் கும்புடுவேன். அவருக்குப் புரியுது. இந்த மனுஷனுக்குப் புரியல!"

தினகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. டிவில பாத்ததும் பேஜாராப் போச்சு. போனைக்கூட எடுக்கல. இவதான், படிச்ச பொண்ணு இவ்ளோ மரியாத வெச்சிருக்குதுன்னா அந்த வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

"ரெண்டாவது வேன்?" என்று கேட்டேன்.

"அவங்கெல்லாம் உங்களப் பாக்க வந்தவங்க."

அதற்குள் அந்த வேனிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதான் அந்தக் கொலைகாரரா? நேர்ல நல்லாத்தான் கீறாரு." விருந்தாளி விருந்தாளிதான். கைகூப்பி உள்ளே அழைத்தேன்.

தாம்பூலத் தட்டு மாற்றி, அஞ்சலிக்குப் புடவை கொடுத்து, எல்லாம் முறைப்படி நடந்தது. மதியம் தொடரின் கடைசிப் பகுதி. எங்கள் கூடத்தில் இரண்டு வீட்டாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கருத்து.

"அரிகிருஷ்ணன்தான் செஞ்சான், சந்தேகமே வேணாம்" என்று தொடையில் தட்டிய தினகரன், நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உங்கள இல்ல சம்பந்தி!" கூடமே குலுங்கியது.

என் கருத்தையும் கேட்டார்கள். சொன்னேன். "இத்தனை பேர ஒரே வண்டியில ஏத்தி மலைக்குக் கூட்டிகிட்டுப் போறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? அவ்ளோ கஷ்டப்பட்டவனுக்குக் கொலை பண்ண நேரம் ஏது?"

மாப்பிள்ளை கார்த்தி, நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், அன்று முதல்முறையாக வாய் திறந்தார். "தாத்தா சொல்றதுதான் கரெக்ட்."

"போன்ல பேசறப்பெல்லாம் பெரிய மாப்பிள்ளதான்னு சொன்னீங்களே?" என்று கேட்டுவிட்டாள் அஞ்சலி.

"போன்லயா?" என்றார் தினகரன். கங்கையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். அங்காளம்மாள் என்றுதான் நினைக்கிறேன். அதன்பின் டிவி பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை.

வெளியே பந்தலில் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. உட்கார ஆளில்லை. சாம்பார் வாளியோடு வந்தவர் கூடத்து நிலைப்படியில் நின்று, கரண்டி சொட்டச் சொட்ட டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொடருக்காக நான் நிச்சயதார்த்த முகூர்த்தத்தையே தள்ளிவைத்தேன் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். தட்டு மாற்றியது குறித்த முகூர்த்தத்தில்தான். தள்ளிப்போனது பந்தி. தள்ளச் சொன்னவர் தினகரன்.