சொல்லாமல் அனுப்பிய பிள்ளை

சாரணியர் பயிற்சி தரும் கைடு வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் ஒருமுறை வந்து போக வேண்டும் என்று ஜானகியம்மாள் டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். தணிகாசலமும் லட்சுமியம்மாளும் கடம்பத்தூரில் ரயிலேறித் திருவள்ளூர் போனார்கள். அங்கே பெண்கள் பள்ளியில் ஆறாவது படிக்கும் கனகவல்லி அவர்களுக்கு ஒரே பெண்.

டீச்சர் விவரமாகப் பேசினார். நீலச் சீருடையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். கயிற்று முடிச்சும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் சொல்லித் தருவார்கள். பொங்கல் கழிந்ததும் பூண்டி ஏரிப் பக்கம் முகாம். பிள்ளைகளே சமைப்பார்கள், கூடாரத்தில் படுப்பார்கள். ராத்திரி தானும் இன்னொரு டீச்சரும் கூடவே இருப்பதாகச் சொன்னார்.

"உங்க பிள்ளைங்களைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எதுவானாலும் பரவாயில்லை. வெளியே போகாது."

தணிகாசலம் செருமினார். லட்சுமியம்மாள் அவர் முழங்கையை அழுத்தினாள். அவர் செருமலோடு நிறுத்திக்கொண்டார்.

கனகாவுக்கு ஐந்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. மெட்ராஸ் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தினமும் படுக்கப் போகும் முன் போட வேண்டும். போட்டால் வருவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றுமில்லை. இந்தச் சங்கதி தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?

"வாணாம், ஊட்லயே இருக்கட்டும்" என்றார் தணிகாசலம், திரும்பி வரும்போது.

"எல்லாப் பசங்களும் போவ சொல்ல இது மட்டும் இன்னாத்துக்குப் போவலைன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

அவர் மறுநாளே நீலத் துணி வாங்கி வந்தார்.

முகாமுக்குப் புறப்பட்ட அன்று லட்சுமியம்மாள் மாத்திரைகளைத் தாளில் மடித்து, மகளின் பாவாடைகளுக்கு நடுவே வைத்தாள்.

"யாரும் பார்க்காத நேரமா போட்டுக்கோ. யார்னா பார்த்துட்டா வயித்து வலிக்குன்னு சொல்லு."

கனகா தலையாட்டினாள்.

மறுநாள் காலை வீட்டில் லட்சுமியம்மாள் மகளின் படுக்கையை உதறியபோது தலையணை உறைக்குள்ளிருந்து அந்தப் பொட்டலம் கீழே விழுந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

லட்சுமியம்மாள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தணிகாசலம் களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லி, அவர் கை கழுவி வருவதற்குள் ரயில் போய்விடும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கவும் தோன்றாமல் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு ஓடினாள்.

திருவள்ளூரில் ஊத்துக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். தனியாக இவ்வளவு தூரம் அவள் வந்ததே இல்லை. நேற்று ராத்திரி ஒரு வேளை தவறியிருக்கிறது. புது இடம், சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். கண்டக்டர் பூண்டி என்று கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் தோளைத் தட்டி இறக்கிவிட்டாள்.

முகாமில் கூடாரங்கள் இருந்தன. பிள்ளைகள் இல்லை. ஜானகியம்மாள் மட்டும் அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கனகா எங்க டீச்சரம்மா?"

"இன்னொரு டீச்சரோட ஏரிக்கரை மேல நடந்து போயிருக்காங்க. என்னம்மா விஷயம்?"

"ஊட்ல ஒரு விசேஷம். கூட்டிக்கினு போலாம்னு..."

"என்ன விசேஷம்?"

லட்சுமியம்மாள் வாயைத் திறந்தாள். பொய் ஒன்றும் அகப்படவில்லை. முந்தானையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்து நீட்டினாள். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது.

டீச்சர் முழுசாகக் கேட்கவில்லை. வலிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, கையில் இருந்த கல்லைப் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்து நடந்தார். நடை ஓட்டமாயிற்று. லட்சுமியம்மாள் பின்னால் ஓடினாள்.

"நேத்து அவளைக் கிணத்துல தண்ணி இறைக்க விட்டேன்" என்றார் டீச்சர், மூச்சு வாங்க. "சுவத்துமேல ஏறி நின்னு இறைச்சா. கெட்டிக்காரின்னு கைதட்டினேன்."

லட்சுமியம்மாள் அவரை முந்திக்கொண்டு ஓடினாள்.

கரைமேல் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கனகா நடுவில், எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடந்தாள். எல்லம்மா பழவேற்காட்டு மீன்காரர் வீட்டுப் பெண், ஹாஸ்டலில் தங்கி எட்டாவது படிப்பவள். கனகாவின் அணிக்குத் தலைவி. அம்மாவைப் பார்த்ததும் கனகாவின் சிரிப்பு நின்றது. டீச்சர் மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டார்.

"சொல்லிட்டியாம்மா?"

"மாத்திரையை ஏன் வச்சிட்டு வந்த?"

"கூடாரத்துல எல்லாரும் ஒண்ணாத்தான் துணி மாத்துறாங்க. பார்த்துடுவாங்க. நீதானே யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்ன."

டீச்சர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவளை வைத்துக்கொள்ளத் தனக்குப் பயமாக இருக்கிறது, மற்ற பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்றார். பிறகு கனகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவும் கூட இருக்கட்டும். கிணத்தாண்ட போகக்கூடாது, அடுப்பாண்ட போகக்கூடாது. மாத்திரையை என் எதிர்ல போடணும். அணித் தலைவிக்கும் விஷயம் தெரியணும்" என்றார்.

"இன்னொருத்திக்கா? வாணாம் டீச்சரம்மா" என்றாள் லட்சுமியம்மாள்.

"எல்லம்மாக்காகிட்ட நானே சொல்றேன்" என்றாள் கனகா.

அன்றைக்கு மாத்திரை உள்ளே போயிற்று. லட்சுமியம்மாள் மகளின் பக்கத்திலேயே படுத்து, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இனி பயமில்லை என்றுதான் நினைத்தாள்.

காலையில் கொடி ஏற்றும்போது வந்தது. வரிசையில் நின்றவள் கட்டை மாதிரி சாய்ந்தாள். லட்சுமியம்மாள் இடுப்புச் சாவியை உருவி, மகளின் கைக்குள் திணிக்க ஓடினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா, தள்ளுங்க" என்ற டீச்சர், கனகாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். எல்லம்மா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துக் கனகாவின் தலைக்குக் கீழே கொடுத்தாள். சில பிள்ளைகள் அழுதார்கள். ஒருத்தி கூடாரத்துக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டாள்.

உதறல் நின்று கனகா தூங்கிப்போனாள். எல்லம்மா வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு, "எங்க பெரியப்பாவுக்கும் வரும்மா. படகுல தனியா விட மாட்டோம், அவ்ளோதான்" என்றாள், சாதாரணமாக.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் சேதி முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு வீட்டார் தங்கள் பெண்களைக் கைடு வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டீச்சர் நேரில் போய்ப் பேசினார். ஒருத்தி திரும்பி வந்தாள், இன்னொருத்தி வரவில்லை. கனகா பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சுருண்டு படுத்தாள். தணிகாசலம் கோபிக்கவில்லை. இரண்டு நாள் விட்டுப் பிடித்து, தானே அழைத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வந்தார். வந்தவர் மனைவியிடம், "அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

சனிக்கிழமைகளில் கைடு வகுப்பு முடிந்து ரயில் வரும் நேரத்துக்கு வெகு முன்பே லட்சுமியம்மாள் ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். நீலச் சீருடை கண்ணில் படும்வரை அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி ஒரு சாயங்காலம் பின்தெரு சின்னப்பொண்ணு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமாக நின்று பேசுகிறவள் அல்ல.

"உங்க பொண்ணை எந்த டாக்டராண்ட காட்டுறீங்கக்கா?" என்றாள். "எங்க பெரியவனுக்கும் கீது. கல்யாணம் பேசிக்கினு கீறோம். அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். லட்சுமியம்மாளுக்கும் குரல் மேலே எழும்பவில்லை. ஆனாலும் டாக்டர் பேர், மெட்ராஸில் எந்த பஸ் பிடித்து எங்கே இறங்க வேண்டும், மாத்திரையை எப்போது போட வேண்டும், விழுந்தால் எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.