விற்கக் கூடாத பால்

கறவை மாடுகள் எல்லாவற்றுக்கும் அன்று குடற்புழு மருந்து ஊற்றியாயிற்று. கால்நடை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "மருந்து பால்ல இறங்கும். ஒரு வாரம் விக்கவும் வேண்டாம், வீட்டுக்கு எடுக்கவும் வேண்டாம்" என்று அந்த வீட்டு மகனிடம் சொன்னார்.

மகனுக்குப் பால் நிலையத்துப் பரிசோதனைதான் கண்ணில் நின்றது. அடுப்படியில் இருந்த அம்மாவிடம், "இந்த வாரம் நிலையத்துக்குப் பால் கிடையாதும்மா. மருந்து இருக்கறது தெரிஞ்சா நம்ம பேரே கெட்டுடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அம்மாவுக்குப் பாலைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. மருமகளுக்கு மூன்றாம் மாதம். முன்பு இரண்டு முறை கலைந்திருந்தது. இதுவாவது தங்க வேண்டும் என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"போதும் அத்தை, தொண்டை வரைக்கும் நிக்குது."

"நிக்கட்டும். இத்தனை நாள் ஊரான் குடிச்சான், இப்பதான் உன் பங்கு வந்திருக்கு. மூஞ்சியைச் சுளிக்காம குடிடி."

மருமகள் சிரித்துக்கொண்டே குடித்தாள். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு.

அடுத்த வாரம் இரத்தம் கண்டது. மருத்துவமனையில் கரு நிற்கவில்லை என்றார்கள். வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டபோது அம்மா முந்திக்கொண்டாள்.

"மாத்திரையத் தொடவே விடலைங்க. நம்ம மாட்டுப் பால்தான்."

மகன் அவளை வராந்தாவுக்கு இழுத்து வந்தான். "எந்தப் பாலும்மா?"

"நீ நிறுத்தின பால்தான். விக்கக் கூடாதுன்னுதானேடா சொன்னே? நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தேன்."

அவன் திரும்பிப் போய் டாக்டரிடம் கேட்டான். "அதனாலதான்னு சொல்ல முடியாது. அது இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என் உடம்புக்குத்தான் கொடுத்து வைக்கலை. அத்தை அப்படிப் பார்த்துக்கிட்டாங்க. இதுக்கு மேல யார் என்ன செய்ய முடியும்?"

வெந்நீரோடு வாசற்படியில் நின்ற அம்மா ஓரடி உள்ளே வந்தாள். "இல்லடி கண்ணு, அந்தப் பால்..."

"அம்மா, நீ போய்ப் படு" என்றான் மகன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெந்நீரைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.