அலாரத்துக்கு ஒரு தொப்பி

என் மகள் பிரிட்டா பள்ளிப் படிப்பை முடித்ததற்கு ஜூன் முதல் சனிக்கிழமை விருந்து வைத்தோம். எங்கள் மினசோட்டா பக்கத்தில் இது கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. கார் கொட்டகையைக் கழுவி மேசை போட்டு, பன்றி இறைச்சி வைத்த பன்னும் காபியும் அங்கே. கேக்கும் பிரிட்டாவின் குழந்தைப் படங்களும் வெயில் படாமல் நிலவறையில். மதியம் ஒரு மணிக்குத் தொண்ணூறு பேர் இருந்தார்கள். அப்போதுதான் தோட்டத்துக் கம்பத்தில் கழிவுத்தொட்டியின் அலாரம் அலறியது.

என் கணவன் ஆர்டன் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினான். சிவப்பு விளக்கு அணையவில்லை. தலையிலிருந்த விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி விளக்கின் மேல் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல விருந்தாளிகளிடம் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டான்.

எங்கள் மண்ணில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. தொட்டியில் சேரும் கழிவுநீரைப் பம்ப்தான் தோட்டத்து மணல்மேட்டுக்கு ஏற்றி வடியவிட வேண்டும். ஏற்றாவிட்டால் வந்த வழியே திரும்பி, நிலவறைத் தரையிலுள்ள வடிகால் துளையில் பொங்கும். கேக்கிலிருந்து நாலடி தூரத்தில் அந்தத் துளை. எங்கள் ஊரில் ஒரு பெயர் ஒட்டினால் போகாது. எர்லிங் என்பவர் தன் கல்யாணக் கூடாரத்தைத் தன் மேலேயே சரித்துக்கொண்டு முப்பது வருஷம் ஆகிறது. அவர் பேரன்களை இன்னும் கூடாரத்துப் பிள்ளைகள் என்கிறார்கள். என் மகளுக்கு என்ன பெயர் ஒட்டுமோ!

போன மாதம் பம்பை மாற்றியது ஆர்டன்தான். தொட்டி வேலை பார்க்கும் டெல்மரைக் கூப்பிடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டானா? தானே மாட்டிவிட்டு, சர்ச்சில் பார்த்தவரிடமெல்லாம் பெருமையும் பேசினான்.

கழிப்பறைக்குப் போகாதீர்கள் என்று விருந்தாளியிடம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் ஜாஸ்திதான் என்று ஆர்டன் ஒவ்வொருவரிடமாக ஜாடை காட்டிக்கொண்டு போனான். எல்லார் வீட்டிலும் தொட்டி உண்டு. தொப்பி போட்ட கம்பத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நல்ல மனிதர்கள், அடக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். ஆனால் இங்கே கிளம்புவதென்றால் வாசலில் முக்கால் மணி நேரம், கார் பக்கத்தில் அரை மணி நேரம். நிற்பவருக்குக் காபி ஊற்றாமல் விடுவது மரியாதையில்லை. ஊற்றினேன். மறுப்பது மரியாதையில்லை. குடித்தார்கள். குடித்தவர்கள் முகம் வெளிறி, வரிசையாக என் வீட்டுக் கழிப்பறைக்கே திரும்பி வந்தார்கள்.

டெல்மரும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்கு வந்திருந்தார். அவரும் ஆர்டனும் தொட்டி மூடியருகே கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நின்று சோளத்தைப் பற்றிப் பேசினார்கள். கேட்க இவனுக்குக் கூச்சம். கேட்காமல் சொல்ல அவருக்குக் கூச்சம். கீழே பிரிட்டா கேக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள். துளையில் களக் களக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போயிற்று, மேலே ஏறி அவர்களிடம் போனேன்.

"டெல்மர், இவன் மாட்டுன பம்ப் செத்துப்போச்சு. இவன் வாயத் தொறந்து கேக்க மாட்டான், நான் கேக்குறேன். கொஞ்சம் பாருங்க."

ஆர்டனின் காது சிவந்தது. நான் விடவில்லை. வீம்பு பிடித்தவன், ஒரு திருகாணி திருகத் தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன்.

டெல்மர் கம்பத்தடியில் குனிந்தார். "பம்புல கோளாறு இருக்கற மாதிரி தெரியல, மார்லிஸ். சொருகாம கெடக்கு, அவ்ளோதான். அந்த எடத்துல வேற எதையோ சொருகியிருக்காங்க."

பம்பின் ஒயர் புல்லில் கிடந்தது. அதன் இடத்தில் ஒரு பழுப்பு ஒயர். அது புல்வெளியைத் தாண்டி, பூச்செடிக்கு அடியில் நுழைந்து, கொட்டகைக்குள் போனது. நாங்கள் அதன் பின்னாலேயே போனோம். விடைபெற்றுக்கொண்டிருந்தவர்களும் கோப்பையோடு கூட வந்தார்கள். சர்ச்சில் இரவல் வாங்கிய, நூறு கோப்பை கொள்ளும் மின்சாரக் காபிப் பாத்திரத்தில் போய் ஒயர் முடிந்தது. காலையில் கொட்டகையில் ஃபியூஸ் போனபோது, தோட்டத்தில் எதையோ பிடுங்கிவிட்டு அதைச் சொருகியது நான்தான்.

எல்லாரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், காபி நல்ல சூடாக இருந்தது என்றார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். என் முகம் பற்றி எரிந்தது.

டெல்மர் ஒயரை மாற்றிச் சொருகினார். பம்ப் உறுமியது. கால் மணி நேரத்தில் துளை அடங்கியது. காய்ந்த தரையில் நின்று பிரிட்டா கேக் வெட்டினாள். அவளுக்கு ஒரு பெயரும் ஒட்டவில்லை.

ஆர்டன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. விளக்கு அணைந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். என் தலையில் வைத்து, சிவந்த முகம் மறையும்வரை கீழே இழுத்துவிட்டான். கடைசிக் கார் போகும்வரை நான் அதைக் கழற்றவில்லை.