டமால் தாலாட்டு

வெடிச்சத்தம் கேட்டால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். எங்கள் திருத்தங்கல் பிள்ளைகள் தூங்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளில் அன்றையச் சரக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் தொட்டில் தானாக ஆடும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்கு ஊரில் ஒரு பிள்ளையும் கண் மூடாது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்தவன். திங்கட்கிழமை மதியம்தான் முதன்முதலாகத் தூங்கினேன்.

இந்த விவரம் டென்மார்க்கில் யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து 2004-இல் ஹென்ரிக், இங்கா என்று ஒரு தம்பதி வந்து, எங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்தில் ஒரு அக்காவையும் தம்பியையும் தத்தெடுத்தார்கள். பாண்டிமீனாவுக்கு ஐந்து வயது, முனியராஜுக்கு மூன்று. கோர்ட்டு வேலை முடிந்து, விருதுநகர் லாட்ஜில் இரண்டு நாள் தங்கினார்கள். பிறகு விமான நிலையத்துக்கு என் வேன். இல்லத்து வார்டன் செல்லத்தாயும் மொழிபெயர்க்க ஏறிக்கொண்டாள். எனக்கும் இங்கிலீசு தெரியும்: யெஸ், நோ, பஞ்சர்.

முனியராஜ் எண்ணெய்ப் பரோட்டா தின்ற மயக்கத்தில் ஹென்ரிக் தோளில் கிடந்தான். பாண்டிமீனா மட்டும் ஜன்னலோரம் மைல்கல் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தாள். கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். இங்காவின் மடி காலியாக இருந்தது.

"இந்தம்மா அழுறாக, அண்ணாச்சி" என்றாள் செல்லத்தாய். "புள்ள ரெண்டு நாளாப் பொட்டுத் தூக்கமில்லையாம். மடியில படுன்னாலும் படுக்கலையாம். 'என்னையப் பிடிக்கலையோ? இப்படியே பிளேன்ல ஏத்துனா, நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறனா, களவாண்டுட்டுப் போறனா'ன்னு கேக்காக."

"லாட்ஜ்ல வெடி போட்டீகளான்னு கேளு" என்றேன்.

அவள் கேட்டாள். ஹென்ரிக் பயந்துபோய்ப் பையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தத்தெடுப்புச் சட்டத்தில் வெடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியவர் வெளியூர்க்காரராக இருக்கவேண்டும்.

வேனின் பின்பக்கம் பெட்டி பெட்டியாக வெடி இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் கொடுத்தது. எங்கள் பக்கம் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பிளேனில் ஏற்றமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "சின்னப் பெட்டிதான, ஓரமா வச்சுக்கிடட்டும்" என்றார்கள்.

ஒரு கரிசல் காட்டோரம் நிறுத்தி ஒன்றைப் பற்றவைத்தேன். டமால்! பாண்டிமீனாவின் இமை சொக்கியது. தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. இங்கா பாய்ந்து மடியை நீட்டுவதற்குள் சத்தம் அடங்கிவிட, பிள்ளை மறுபடி முழித்துக்கொண்டது. இப்படியே ரோடு நெடுக வெடித்துப் பெட்டியெல்லாம் காலி.

"பிளேன்ல மேல போயி யாரு வெடி போடுவா?" என்றாள் செல்லத்தாய்.

"வாயிலதான். அடிவயித்துல இருந்து வரணும்."

ஹென்ரிக் முயன்றார். நமுத்த வெடி, புஸ்ஸென்று போனது. இங்கா மூச்சை இழுத்து ஒரு டமால் போட்டாள் பாருங்கள், பக்கத்து ஊர்க் கம்பெனியில் கணக்கப்பிள்ளை எழுந்து, "இது எந்தக் கம்பெனிச் சரக்கு?" என்று கேட்டாராம்.

விமான நிலைய வாசலில் நீள வரிசை. பாண்டிமீனா உதட்டைப் பிதுக்கினாள். இங்கா பெட்டிமேல் உட்கார்ந்து, யோசிக்காமல் போட்டாள்: டமால்!

வரிசை மொத்தமும் தரையில் படுத்தது. துப்பாக்கியோடு ஒரு காவலர் ஓடிவந்தார். சட்டையில் கண்ணுச்சாமி என்று பெயர்.

"எவன் வெடி போட்டது?"

"தாலாட்டு, ஸார்" என்றாள் செல்லத்தாய்.

"என்ன, நக்கலா? ஒருத்தரும் உள்ள போகக்கூடாது!"

"ஸாருக்கு எந்த ஊரு?" என்று நடுவில் புகுந்தேன்.

"விஸ்வநத்தம். அதுக்கென்ன இப்ப?" அதுவும் எங்களைப் போலப் பட்டாசுக் கம்பெனி ஊர்தான்.

"தூக்கமெல்லாம் எப்படி, ஸார்?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "இங்கன மாத்தி வந்ததுல இருந்து எங்கய்யா தூக்கம்? படுத்தா ஒரே அமைதி."

செல்லத்தாய் கண்ணைக் காட்டினாள். இங்கா இன்னொன்று போட்டாள். கண்ணுச்சாமி நின்றவாக்கிலேயே குறட்டை விட்டார். பாண்டிமீனா மெல்லச் சரிந்து, இங்கா மடியில் விழுந்தாள். பாதிக் கண்ணைத் திறந்து சொன்னாள்:

"அக்கா, எங்கம்மாவ சரவெடி போடச் சொல்லுங்க."

செல்லத்தாய் மொழிபெயர்த்ததும் இங்காவுக்குக் கண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே சரவெடி போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஈரம் பட்டால் திரி அணைந்துவிடும். அவள் சரத்தில் ஒன்றுகூட நமுக்கவில்லை. வெடித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி உள்ளே போனாள். கண்ணுச்சாமி இன்னும் அங்கேயே தூங்குகிறார் என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பொய். ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் செல்லத்தாய்க்கு ஹென்ரிக் போன் போட்டார். பனியில் இங்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். தெருவே திரண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே ஆளுக்கொரு டமால் போட்டிருக்கிறது. பாண்டிமீனா கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு, "இது எங்கம்மா கம்பெனிச் சரக்கு இல்ல" என்றுவிட்டாளாம்.

கடைசியில் இங்காவே காதோரம் குனிந்து, காற்றாக ஒன்று விட்டாள். பொட்டுவெடி அளவுகூட இராது. பிள்ளை தூங்கிப்போனது.