நாலு மாதப் பேட்டரி

பதினேழு நாள் பகல்களை ஜெஸி காருக்குள் கழித்தாள். பதினெட்டாம் நாள் காலை, விளாங்குடி வீட்டு வாசலில், சாவியைத் திருப்பியும் ஒரு விளக்கும் எரியவில்லை. ஹாரனை அழுத்தினாள். மூச்சே இல்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில், எஞ்சினை அணைத்துவிட்டு, தினமும் மாலைவரை ஃபேனும் ரேடியோவும் போட்டிருந்தாள். ஃபேன் வெக்கைக்கு. ரேடியோ, யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்கு. இயற்பியல் படித்தவள், பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கும் போட்டாள். ஆனாலும் அணைக்க மனம் வரவில்லை. நேற்று மாலையே ஆடு மேய்க்க வந்த இருவர் தள்ளிவிட்டுத்தான் கார் கிளம்பியது.

மகள் பல்கலைக்கழக ஆய்வக வேலைக்குப் போய்வருகிறாள் என்று அப்பா கிருபாகரன் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை கலையக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"பஸ்ல போறேன்ப்பா."

"இந்த வெயில்லயா? இரு, முத்திருளன வரச்சொல்லிட்டேன்."

தெருமுனை மெக்கானிக் முத்திருளன் இன்னொரு பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தார். பழைய காரின் பானெட்டைத் தட்டினார்.

"என்ன பாப்பா, கெழவி இன்னைக்கு மௌன விரதமா?"

ஃபியூஸ்களைப் பார்த்தார். கம்பி முனைகளை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தன. கொண்டுவந்த பேட்டரியை மாட்டியதும் எஞ்சின் உடனே உறுமியது. மீட்டரை வைத்து, "சார்ஜும் நல்லா ஏறுது" என்றார். பிறகு எஞ்சினை அணைத்து, ஒரு கம்பியைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே சின்ன பல்பு ஒன்றைப் பிடித்தார். எங்காவது மின்சாரம் கசிந்தால் அது எரிய வேண்டும்.

எரிந்துவிடேன் என்று ஜெஸி அதையே பார்த்தாள். எரியவில்லை.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல சார்."

"அப்ப நீ மாட்டுன பேட்டரிதான் கொறை. நாலு மாசத்துலயா சாகும்? பழசத் தொடச்சுப் புதுசுன்னு தலையில கட்டிட்டியா?" அப்பா சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

முத்திருளன் கை துடைப்பதை நிறுத்தினார். "சார், எம்புட்டு வருசமா இந்த வீட்டு வண்டியப் பாக்குறேன்."

"அதாம்ப்பா வருத்தமா இருக்கு. சர்ச்சுல எல்லாருக்கும் உன்னயத்தான் கைகாட்டிருக்கேன்."

முத்திருளன் ஜெஸியின் பக்கம் திரும்பினார். "பாப்பா, வண்டிய நிறுத்திட்டு ஃபேன் கீன் போட்டு உக்காந்திருந்தியா?" குரல் கெஞ்சியது.

"அவளுக்கு ஏது நேரம்?" என்றார் அப்பா. "லேபுக்குள்ள போனா சாயங்காலந்தான் தலையத் தூக்குவா."

ஜெஸி தரையைப் பார்த்தாள்.

முத்திருளன் இரண்டு பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டார். "கடையில குடுத்து வேற வாங்கியாறேன். ஆனா நான் ஏமாத்தல சார்." முழங்கையால் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

"அண்ணே, நில்லுங்க."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அது நல்ல பேட்டரிதான். நாந்தான் காலி பண்ணேன். தெனமும், சாயங்காலம் வரைக்கும் காருக்குள்ளதான் இருந்தேன்."

"சாயங்காலம் வரைக்குமா?" அப்பாவுக்குப் புரியவில்லை. "அப்ப லேபு?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஜெஸி காத்திருந்தாள்.

"புராஜெக்ட் முடிஞ்சிருச்சுப்பா. எனக்கு வேலை இல்ல."