சிப்பியின் கால்

...கால் என்றால் வெளுத்த நாக்கு மாதிரி இருக்கும், பதினோரு வருடமாக அதைத்தானே பலகையில் வரைகிறேன், ஆனால் இது என்ன, வாளித் தண்ணீருக்குள் இந்த முத்துச்சிப்பியின் கால் கறுப்பாக அல்லவா வருகிறது, மெதுவாக, வாளியின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு... அம்மாடி! வள்ளம் ஆடுகிறது, ஆடட்டும். நாளைக் காலையில் எங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழகக் குழு வருகிறது. இந்த வருடம் விலங்கியலில் சேர்ந்தது நாலே பேர், படித்தால் வேலை எங்கே என்று கேட்கிறார்கள், மீன்வளப் படிப்பாக மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தால் துறை பிழைக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், நானும் சொந்த ஊர் ஓட்டப்பிடாரத்துக்கு வண்டி ஏற வேண்டியதுதான். தூத்துக்குடியில் பாடம் நடத்துகிறவள் கடலையே பார்த்ததில்லையா என்று குழு சிரித்துவிடக் கூடாதே என்றுதான் இன்றைக்கு முதல் தடவையாக வள்ளம் ஏறினேன். “வெரல உட்டுராதீங்க டீச்சர், மூடிக்கிடும்” என்கிறார் கடலில் முங்கிச் சிப்பியை எடுத்து வந்த கயித்தான், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. விரலை எங்கே விடுவது, மூச்சு விடவே மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்... சதையின் ஓரம் முழுக்கச் செம்பழுப்பு, நடுநடுவே மஞ்சள் பொட்டு, உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு இத்தனை நிறமா? எங்கள் ஜாடிச் சிப்பி பார்மலினில் கிடந்து கிடந்து பழைய சோறு மாதிரி வெளுத்துப்போனது, அதைப் பார்த்துத்தான் நான் படித்தேன், அதைப் பார்த்துத்தான் வரையச் சொன்னேன்.

ஆனால் இந்தக் கறுப்பை எங்கோ பார்த்திருக்கிறேனே... ஒரு ரெக்கார்டு நோட்டில். காலுக்குக் கறுப்பு, ஓரத்துக்குச் செம்பழுப்பு அடித்திருந்தாள் ஒருத்தி, ‘கற்பனை கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதியது இதே கைதான், பரீட்சையிலும் பிடிவாதமாக அப்படியே வரைந்தாள், மூன்று மார்க்கில் தேர்ச்சி போயிற்று. பெயர்... “எந்தங்கச்சி விக்டோரியா ஒங்ககிட்டதான் படிச்சா டீச்சர், பாதியில நின்னுட்டா, இப்ப எறால் கம்பெனியில தோல் உரிக்கா.” விக்டோரியா, அவளேதான். கயித்தான் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறார், இவருக்கு ஒன்றும் தெரியாது. தோற்றவள் உரிக்கிறாள்... படிப்பவர்களுக்கு வேலை கிடைக்கும் இடங்கள் என்று குழுவின் படிவத்தில் நான் முதலில் எழுதியதே இறால் கம்பெனிகளைத்தான். செய்முறைப் பாடத்தில் அனுபவமுள்ளவர் என்ற இடத்தில் என் பெயர், மை காய்ந்துவிட்டது.

“விக்டோரியாவுக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும்?” என்று கேட்கிறேன். “ஆறு மணிக்கு. ஏன் டீச்சர்?” ஏன்? வாளியில் அந்தக் கால் மறுபடியும் நீள்கிறது, கறுப்பாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல், அவள் வரைந்தது போலவே... அவள் கையில் இப்போது என்ன நாற்றம் அடிக்கும், என்னைக் கண்டால் எழுந்து நிற்பாளா, நின்றால் நான் என்ன சொல்வேன்?